தூங்கும் வாத்தியாரின் தும்பிக்கை

வெட்சன் ஜேரேயிடம் கார் ஓட்டப் பழகியவர்கள் கப்வே நகரத்தில் ஏராளம். லாரிக்காரர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர், ஒரு பாதிரியார், சவப்பெட்டிக் கடை முதலாளி என்று எல்லா வகையிலும் அவருக்குச் சீடர்கள் உண்டு. அவரைப் போலப் பொறுமையான வாத்தியார் கிடையாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்கள். கியரைப் போட்டு நொறுக்கினாலும் கத்தமாட்டார். சக்கரம் சாக்கடை விளிம்பில் உரசினாலும் பதறமாட்டார். தொப்பியைப் புருவம் வரை இறக்கிவிட்டு, தாடி நெஞ்சில் பட, கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு இடது பக்க இருக்கையில் சாய்ந்திருப்பார்.

அதற்குப் பெயர் பொறுமை அல்ல, தூக்கம் என்பது பழகுகிறவர்களுக்கு இரண்டொரு நாளிலேயே தெரிந்துவிடும். யாரும் அவரிடம் சொன்னதில்லை. விழித்திருக்கும் வாத்தியார் யாருக்குத்தான் வேண்டும்?

ஜேரே சிப்பாட்டா பக்கத்து ங்கோனி இனத்தவர். இளவயதில் கப்வே சுரங்கத்தில் லாரி ஓட்ட வந்தவர், சுரங்கம் மூடியபோது ஊருக்குத் திரும்பாமல் ஒரு பழைய வெள்ளை கொரோலாவை வாங்கி, கூரையில் சிவப்பு எழுத்துப் பலகையை மாட்டி, ஓட்டுநர் பள்ளி ஆரம்பித்தார். வயது ஏற ஏறக் கழுத்தில் சதையும் ஏறியது. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. கோயில் பெஞ்சில் தூங்கினார், முடிதிருத்தும் நாற்காலியில் தூங்கினார், ஒரு கல்யாணத்தில் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் சொல்லுங்கள் என்று எழுப்பி நிறுத்தியபோது, "எங்கள் பரலோகப் பிதாவே" என்பதோடு நின்றபடியே தூங்கினார். மனம் உருகிப் பேச்சு நின்றுவிட்டது என்று நினைத்துப் பெண் வீட்டார் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ராத்திரியில் அவர் விடும் குறட்டை தனிக் கதை. பக்கத்து வீட்டு சிகாஸ்வே, ஊர் மரியாதைக்கு பா சிகாஸ்வே, ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர். "வேலையை விட்டு வந்தும் ஷண்டிங் இன்ஜின் என்னை விடலையே" என்று அங்கலாய்ப்பார். காலையில் எழும்போது ஜேரேக்குத் தலை கனக்கும், வாய் மரப்பட்டை போல வறண்டிருக்கும். வயசாகிறது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டார்.

அப்படி இருந்தவரிடம்தான் பானா லோம்பே கார் ஓட்டப் பழக வந்தாள்.

அவள் சந்தையில் கபெந்தா என்னும் பொடிமீன் கருவாடு விற்பவள். மூத்த மகன் லோம்பே பிறந்ததிலிருந்து ஊருக்கே அவள் லோம்பே அம்மா, பானா லோம்பே. வாடகை வண்டிக்காரர்கள் வழிநெடுகக் கருவாட்டைக் கொறித்துக்கொண்டே வருகிறார்கள் என்று கடுப்பாகி, சொந்தமாக ஒரு பிக்கப் வாங்கிவிட்டு, அதன் பிறகு ஓட்டப் பழக வந்தாள். ஆள் பெம்பா இனம். ங்கோனிக்கும் பெம்பாவுக்கும் கேலி முறை. எந்தத் தலைமுறையிலோ ஈட்டியால் அடித்துக்கொண்டவர்கள், இனி வாயால் மட்டும் அடித்துக்கொள்வது என்று தீர்மானித்துவிட்டார்கள். எங்கே கண்டாலும் எலி தின்னி, குரங்கு தின்னி என்று ஏசலாம். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. எழவு வீட்டில்கூட விதிவிலக்கு கிடையாது.

"என்ன மச்சான், காலைல எலி கெடைச்சுதா?" என்றபடிதான் முதல் நாள் வண்டியில் ஏறினாள்.

"எங்க கெடைக்குது? காட்டுக் கொரங்கயெல்லாம் தின்னு தீத்துட்டு, இப்ப எங்க எலிக்கும் வந்துட்டீங்களே" என்றார் ஜேரே.

அன்றே இருவருக்கும் ஒத்துப்போய்விட்டது.

ஒரு நாள் மதியம், இரண்டு தட்டு ந்ஷிமா சோளக்களியும் பீன்ஸும் தீர்த்துவிட்டு ஜேரே வண்டியில் உட்கார்ந்தார். ஊரைத் தாண்டி வடக்கே போகும் பெருஞ்சாலைக்கு வந்ததும், "நேரா போ" என்றார். அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது.

பானா லோம்பே நேராகப் போனாள்.

ஜேரே கண்விழித்தபோது யாரோ அவர் காதருகே சூடாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். மெல்லத் திரும்பினார். மஞ்சள் கண்ணோடு ஓர் ஆடு அவரைப் பார்த்தது. ஆட்டுக்குப் பக்கத்தில் கரி மூட்டை, அதன் மேல் சர்க்கரைவள்ளிக் கிழங்குக் கூடை. வெளியே எல்லைக்குப் போகிற லாரிகள் வரிசையாக நின்றன. பானா லோம்பே சாமான் வாங்கி முடித்து, கார் முகப்பின் மேல் சாய்ந்து சுட்ட சோளம் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஜேரே இறங்கி, இடுப்பில் கைவைத்துச் சுற்றிலும் பார்த்தார். "இது எந்த ஊரு?"

"கப்பிரி ம்போஷி."

"கப்பிரியா! கப்பிரிக்கு எதுக்கு வந்தோம்?"

"நேரா போகச் சொன்னீங்க. திரும்பச் சொல்லலையே மச்சான். வாத்தியார் பேச்ச மீறலாமா?"

"நடுவுல போலீஸ் தடுப்பு இருக்குமே! என்ன சொன்னே?"

"'என்னம்மா, வாத்தியார் கண்ண மூடிட்டு இருக்காரு'ன்னு கேட்டாரு. 'நான் ஓட்டுறப்ப எல்லா வாத்தியாரும் கண்ண மூடி ஜெபம்தாங்க பண்ணுவாங்க'ன்னேன். சிரிச்சுட்டு விட்டுட்டாரு."

ஜேரேக்குத் திட்ட வேண்டும் என்று இருந்தது. ஆனால் எதைச் சொல்லித் திட்டுவது? அவள் ஓட்டியதில் ஒரு கீறல்கூட இல்லை. கரிகூட இங்கே மலிவு.

சோளத்தில் பாதியை ஒடித்து அவரிடம் நீட்டினாள் பானா லோம்பே. குரல் இறங்கியிருந்தது.

"மச்சான், இத கேலியா எடுத்துக்காதீங்க. நீங்க வழியெல்லாம் தூங்கல. செத்துச் செத்துப் பொழைச்சீங்க. கொறட்ட சத்தம் திடீர்னு நிக்கும். நெஞ்சு அசையாது. நானும் மூச்ச புடிச்சிட்டுப் பாப்பேன். அப்புறம் தண்ணில முங்கினவன் மாதிரி ஒரு உலுக்கு, மறுபடி கொறட்ட. வண்டிய ஓரங்கட்டி எத்தன தடவ உங்க மூக்குல கை வச்சுப் பாத்தேன் தெரியுமா?"

"எல்லாரும் அப்படித்தான் தூங்குவாங்க."

"லோம்பே அப்பாவும் அப்படித்தான் தூங்கினாரு." அவள் சோளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "ஒரு நாள் சத்தம் நின்னுது. அப்பாடா, இன்னிக்காவது தூங்கலாம்னு திரும்பிப் படுத்தேன்."

ஜேரே சோளத்தைக் கடிக்காமல் கையில் உருட்டினார். ஆடு மட்டும் கத்தியது.

"சரி, ஏறுங்க" என்று கையைத் தட்டினாள். "நீங்க போயிட்டா எனக்கு லைசென்ஸ் யாரு வாங்கித் தர்றது? இப்ப நீங்க ஓட்டுங்க. இல்ல, வேணாம். நானே ஓட்டுறேன். ஆட்டப் புடிச்சிட்டு வாங்க, அது இருந்தா தூக்கம் வராது."

கப்வே வந்ததும் அவள் வண்டியை நேராக ஜேரே வீட்டு வாசலில் நிறுத்தி, அவர் மனைவி எஸ்னாட்டிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எஸ்னாட் லுசாக்காவில் நர்ஸாக இருக்கும் மகள் தாவோங்காவுக்குப் போன் போட்டாள். தாவோங்கா அப்பாவைப் பஸ் ஏற்றி அனுப்பச்சொல்லி, விரலில் ஒரு கவ்வியையும் மூக்கில் ஒரு குழாயையும் மாட்டித் தூங்கவைத்து, முடிவை நெஞ்சு டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் தாளைப் பார்த்தார், ஜேரேயைப் பார்த்தார். "என்ன வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார்.

"கார் ஓட்டச் சொல்லித்தர்றேன்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டார்.

தூங்கும்போது தொண்டை மடிந்து மூச்சு அடைபடுகிறது, மூளை பதறி எழுப்புகிறது, ராத்திரி முழுக்க இதே கூத்து என்று விளக்கினார் அவர். சரியாகும்வரை பள்ளி வண்டியில் உட்காரவே கூடாது என்றார். அதைக் கேட்டதும்தான் ஜேரேக்கு முகம் விழுந்தது. ஆஸ்பத்திரியில் யாரோ பயன்படுத்தித் திருப்பிக் கொடுத்திருந்த மெஷின் ஒன்றை, புது முகமூடியும் குழாயும் வாங்கி மாட்டி, தாவோங்கா பிடித்துக்கொடுத்தாள். செங்கல் கனத்தில் ஒரு பெட்டி. அதிலிருந்து நெளிநெளியாக நீண்ட குழாய். குழாயின் நுனியில் மூக்கையும் வாயையும் மூடும் ரப்பர் மூடி.

முதல் ராத்திரி ஓடும் லாரியின் ஜன்னலில் தலையை நீட்டியது போல இருந்தது அவருக்கு. மூச்சை விட நினைத்தால் பெட்டி ஊதியது. இழுக்க நினைத்தாலும் ஊதியது. ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் கன்னம் இரண்டும் தவளை போல உப்பின. எஸ்னாட் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து இறங்கிவிட்டாள். விடிந்து பார்த்தால் மூடி அவர் முகத்தில் இல்லை, கட்டிலுக்கு அடியில் கிடந்து செருப்புக்கு மூச்சு ஊதிக்கொண்டிருந்தது. அடுத்த நாளும் அப்படியே.

"தூங்கும்போது யாரோ கழட்டிடுறாங்க கண்ணு" என்று போனில் மகளிடம் புகார் சொன்னார்.

"யாரோ இல்லப்பா, நீங்கதான். பகல்ல போட்டுப் பழகுங்க. டிவி பாக்கறப்ப போட்டுக்கிட்டு சும்மா உக்காருங்க. முகம் பழகினா தூக்கம் தானா வரும்."

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை மதியம் ஜேரே ஜன்னலோர சோபாவில் மூடியை மாட்டிக்கொண்டு கால்பந்து பார்த்தார். எஸ்னாட் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினாள். ஆட்டம் பாதியில் இருக்கும்போதே அவர் கண் சொக்கியது. கையை நெஞ்சில் வைத்து, கால் நீட்டி, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்தமே இல்லாமல் தூங்கிப்போனார். எஸ்னாட்டுக்கு அதிசயம் தாங்கவில்லை. டிவியை அணைத்துவிட்டு, அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மக்காச்சோளப் பையோடு மாவு மில்லுக்குப் போனாள்.

மதில் மேல் எட்டிப்பார்த்த பா சிகாஸ்வேயின் கண்ணில் பட்டது இவ்வளவுதான்: ஜேரே முகத்தில் ஆஸ்பத்திரிக் குழாய், நெஞ்சில் கை, பக்கத்தில் மனைவி கண்ணீரும் கையுமாக. அதைவிட முக்கியமாக, குறட்டை இல்லை. எத்தனையோ வருஷமாகக் கேட்ட இன்ஜின் நின்றுவிட்டது. அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். பிறகு சந்தைப் பக்கம் நடந்தார்.

பானா லோம்பே கருவாட்டை அளந்துகொண்டிருந்தாள்.

"ஜேரே நம்மள விட்டுட்டுப் போயிட்டாருமா" என்றார் சிகாஸ்வே.

"யாரு சொன்னா?"

"நானே பாத்தேன். கொறட்ட நின்னுடுச்சு."

அந்த ஒரு வார்த்தை போதும். அவள் கையிலிருந்த டப்பா விழுந்தது.

எழவுக்கு வெறுங்கையோடு யாரும் போவதில்லை. சந்தைப் பெண்கள் கிடைத்ததைச் சேர்த்தார்கள். மாவு, முட்டைகோஸ், விறகு, எண்ணெய், ஒரு கூடை கபெந்தா எல்லாம் பிக்கப்பில் ஏறியது. வண்டியை லோம்பே ஓட்டினான், பின்னால் நின்றபடி பெண்கள் பாடிக்கொண்டே வந்தார்கள். ஜேரே வீட்டு வாசலில் வண்டியிலிருந்து குதித்ததும் பானா லோம்பே நேராக வாசற்படியில் விழுந்தாள். முறைக்காரிக்கு உரிய கடமை அது. எல்லோரும் அழும்போது அவள் ஏச வேண்டும்.

"எலி தின்னி! ஊர்ல உள்ள எலியெல்லாம் இன்னிக்கு டான்ஸ் ஆடுதுடா! எந்திரிச்சு வாடா சோம்பேறி! இருக்கறப்பவும் தூங்கினே, இப்பவும் தூங்குறியா? எனக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லித்தராம எங்கடா போனே?"

பெண்கள் அழுதுகொண்டே சிரித்தார்கள். அந்தச் சமயம் பார்த்து எஸ்னாட் தலையில் மாவுப் பையோடு தெருமுனையில் வந்தாள். கூட்டம் ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டது.

"ஐயோ பாவம்! எழவுக்கு மாவரைக்க அவளே போயிருக்கா பாருங்க!"

"யாருக்கு எழவு?" என்றாள் எஸ்னாட்.

"அதிர்ச்சில புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் கிசுகிசுத்தாள்.

"விடுங்கடி! எங்க வீட்ல யாரு செத்தா?"

யாரும் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. ஜேரே நின்றார். தூக்கம் கலைந்த கண். முகத்தில் மூடி. குழாய் தும்பிக்கை போலத் தொங்கியது. பெட்டியைக் கோழி பிடித்தது போலக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். ஒயர் தரையில் இழுபட்டது. என்ன சத்தம் இங்கே என்று அதட்டத்தான் வாயைத் திறந்தார். மூடிக்குள்ளிருந்து "பூ... ஊஊ" என்றுதான் வந்தது.

விறகு சுமந்த பெண்கள் விறகைப் போட்டுவிட்டு ஓடினார்கள். பா சிகாஸ்வே மதிலைத் தாண்டிய வேகம் அவர் ரயில்வேயில் இருந்தபோதுகூடக் காட்டியிராத வேகம். பானா லோம்பே மட்டும் ஓடவில்லை. படியில் உட்கார்ந்தபடி அவரை அண்ணாந்து பார்த்தாள். பிறகு எழுந்து, அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"மூச்சு விடுறீங்களா?"

ஜேரே மூடியைக் கழற்றினார். "விடுறேனே. ஏன்?"

அப்போதுதான் அவள் நிஜமாக அழுதாள். இதுவரை அழுததற்கும் இதற்கும் வித்தியாசம் எல்லோருக்கும் தெரிந்தது. ஜேரேக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பெட்டியை அவள் கையில் கொடுத்துப் பார்த்தார். "இதுதான் அந்த மெஷின். கால்பந்து பாக்கறப்ப மாட்டினேன். யாரு ஜெயிச்சான்னே தெரியல, அவ்வளவு நல்ல தூக்கம்."

"தூங்கினதுக்கா நான் கருவாட்டுக் கூடைய தூக்கிட்டு வந்தேன்?"

எழவுக்குக் கொண்டுவந்த பொருளைத் திருப்பி எடுத்துப்போவது நல்லதில்லை என்று சந்தைப் பெண்கள் ஒரே முடிவாகச் சொல்லிவிட்டார்கள். முற்றத்தில் அடுப்பு மூட்டி ந்ஷிமா கிண்டினார்கள். செத்தவரே பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை குழம்பு கேட்டார். சிகாஸ்வே வெட்கத்தோடு எட்டிப்பார்த்து, ஒரு தட்டு மதில் வழியாகவே வாங்கிக்கொண்டார்.

அன்றிலிருந்து ஜேரே மெஷினைக் கழற்றி எறியவில்லை. ஆனால் முகமூடிக்கும் தாடிக்கும் ஒத்துவரவில்லை. மயிரின் ஊடே காற்று கசிந்து கீச்சென்று விசிலடித்தது. "ராத்திரி முழுக்கக் கெட்டில் கொதிக்குது, எந்திரிச்சு டீ போடணும் போல இருக்கு" என்றாள் எஸ்னாட். கல்யாணத்திலிருந்து வளர்த்த தாடி. இரண்டு நாள் கண்ணாடி முன்னால் நின்று யோசித்தார். மூன்றாம் நாள் மழித்துவிட்டு வந்தார். அவருக்கே தெரியாமல் தாடிக்குள் ஒரு குட்டி மோவாய் இருந்திருக்கிறது. "இந்தப் பையன் யாரு? வாத்தியார் வரலையா?" என்றாள் பானா லோம்பே.

கரண்ட் அடுத்த தொல்லை. வறட்சிக் காலம், அணையில் தண்ணீர் இல்லை, பாதி நேரம் ஊரே இருட்டு. மெஷின் நின்றால் மூடிக்குள் மூச்சு முட்டும். ஜேரே காரின் பாட்டரியைக் கழற்றிப் படுக்கையறைக்குக் கொண்டுவந்து, ஒரு மெக்கானிக் செய்துகொடுத்த கரண்ட் மாற்றும் பெட்டியோடு இணைத்தார். ராத்திரி அவருக்கு, பகலில் அவருக்குப் பதிலாகப் பழைய சீடர் ஒருவர் சொல்லித்தரும் காருக்கு என்று ஏற்பாடு. நான்கைந்து தடவை திரும்ப மாட்ட மறந்துபோனார். பழகுகிறவர்கள் சாவியைத் திருகித் திருகிப் பார்த்துவிட்டு, எஸ்னாட்டைக் கூப்பிட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் பாட்டரி கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள்.

டாக்டர் திரும்பச் சோதித்து, இனி வண்டியில் உட்காரலாம் என்று விட்டபோது வந்தது பாருங்கள் வினை. ஜேரே விழித்திருந்தார். காலையில் விழித்திருந்தார், ந்ஷிமா சாப்பிட்ட பிறகும் விழித்திருந்தார். சாலையில் இத்தனை விஷயம் நடக்கிறது என்பதே அவருக்குப் புதிதாக இருந்தது.

"கண்ணாடி பாத்தியா? கிளச்ச ஏன் மிதிச்சே? அந்த சைக்கிள்காரன் உங்க மாமாவா, ஏன் உரசிட்டுப் போறே?"

பழகுகிறவர்கள் பதறிப்போய் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டார்கள். பாதிரியார் தன் தங்கையைச் சேர்க்க வந்து, வாத்தியார் பேசுவதை வேலிக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, அடுத்த மாதம் பார்க்கலாம் என்று போய்விட்டார்.

"மச்சான்," என்றாள் பானா லோம்பே ஒரு நாள், வண்டியைச் சாலையோரம் நிறுத்திவிட்டு. "ஒரு உதவி கேக்கட்டுமா? பத்து நிமிஷம் தூங்குங்களேன். நான் இந்த முக்குல நிம்மதியா திரும்பிக்கிறேன்."

"ஒரு நொடி கூட முடியாது. ரிவர்ஸ் எடு."

"பழைய ஜேரே தங்கமான மனுஷன். அவர எங்க பொதைச்சாங்க?"

அவளுக்கு ரிவர்ஸ் மட்டும் வரவில்லை. முதல் தேர்வில் ஒரு கம்பத்தை இடித்துவிட்டுத் தோற்றாள். ஜேரே விடவில்லை. கால்பந்து மைதானத்தில் அவள் கருவாட்டுக் கூடைகளையே வரிசையாக வைத்து, கூடையை இடித்தால் கருவாடு தனக்கு என்று சொல்லிப் பழக்கினார். முதல் வாரம் எஸ்னாட் தினமும் கபெந்தா சமைத்தாள். அடுத்த வாரம் கபெந்தா குறைந்தது. அதற்கு அடுத்த வாரம் ஒன்றும் கிடைக்கவில்லை. தேர்வில் அவள் பிக்கப்பைப் பின்பக்கமாக எடுத்து நிறுத்தியதைப் பார்த்து, வேலிக்கு வெளியே நின்ற சந்தைப் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் ஜேரே நினைத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து வந்து எஸ்னாட் சோபாவில் கொஞ்சம் சாய்ந்தாள். ஜேரே செய்தித்தாளோடு எதிரே உட்கார்ந்திருந்தார். எங்கிருந்தோ ஒரு சத்தம் வந்தது. மரம் அறுப்பது போல இருந்தது. பா சிகாஸ்வே கதவு செய்கிறாரோ என்று ஜன்னலை மூடினார். சத்தம் கூடியது. தாளை இறக்கிப் பார்த்தார்.

எஸ்னாட்டின் வாய் திறந்திருந்தது.

இத்தனை வருஷம் அவருடைய இடி முழக்கத்தின் மறைவில் இவள் பத்திரமாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். ஊரும் சரி, பிள்ளைகளும் சரி, பழி முழுவதையும் அவர் தலையில் போட்டிருக்கிறார்கள். ஜேரேக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மகளுக்குப் போன் போட்டு, எஸ்னாட்டின் மூக்கருகே நீட்டினார்.

"என்னப்பா இது? மெஷின் போடலையா நீங்க?" என்று பதறினாள் தாவோங்கா.

"நான் முழிச்சிட்டு இருக்கேன் கண்ணு. இது உங்கம்மா."

எஸ்னாட் விருட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். "யாரு? நானா? நான் கண்ணத்தான் மூடியிருந்தேன். தூங்கவே இல்ல!"

"அப்பா," என்றாள் தாவோங்கா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அம்மாவையும் பஸ் ஏத்தி அனுப்புங்க."

"எனக்கு ஒண்ணும் வேணாம்!" எஸ்னாட் போனைப் பிடுங்கினாள். "அந்தக் கொழாய மாட்டிட்டு ஒரு யானை போதும் இந்த வீட்டுக்கு!"

ஜேரே உள்ளே போய் அவளுடைய ஊர்ப்பயணப் பையைத் தேட ஆரம்பித்திருந்தார்.